பதினொன்று புள்ளி நான்கு

ஜூலை 4, செவ்வாய்

காலையில் நாற்பது கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டிவிட்டு வந்து, துணியை மெஷினில் போட்டுவிட்டு, முட்டை வேகட்டும் என்று மின்னஞ்சலைத் திறந்தேன். தண்ணீர் வற்றி, முட்டை வெடித்து, வீடெல்லாம் நாறும்வரை அதையே படித்துக்கொண்டிருந்தேன்.

ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பிலிருந்து கடிதம். "அன்புள்ள தாரகேஸ்வரி" என்று ஆரம்பிக்கிறார்கள். அன்பாம்.

இந்த இரண்டு வருடத்தில் என்னிடம் பதினான்கு முறை இரத்தம் எடுத்திருக்கிறார்கள். அதையெல்லாம் வரிசையாக வைத்துக் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். மற்றவர்களோடு என்னை ஒப்பிடுவதில்லை. என்னை என்னோடுதான் ஒப்பிடுகிறார்கள். ஜனவரியில் என் ஹீமோகுளோபின் 14.1. மார்ச் 3 அன்று 11.4. அன்றைக்குப் புதிதாகப் பிறந்த சிவப்பணுக்கள் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு. ஏப்ரலில் மறுபடி 13.9. மே மாதம் மலைப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தேன். என் வாழ்க்கையின் மிகப் பெரிய நாள் அது.

அவர்கள் பார்வையில் இதற்கு ஒரே அர்த்தம். மார்ச்சுக்கு முன் ஒரு பை இரத்தத்தை உருவி ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன், மே மாதம் அதை மறுபடி ஏற்றிக்கொண்டிருக்கிறேன். அதிகச் சிவப்பணு, அதிக ஆக்சிஜன், மலையில் மூச்சு வாங்காது. மூன்று நிபுணர்கள் பார்த்திருக்கிறார்கள். பெயர் கிடையாது. நிபுணர் 1, நிபுணர் 2, நிபுணர் 3. "இயல்பான உடலியக்கத்தில் நிகழ வாய்ப்பில்லை" என்று மூவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

விளக்கம் சொல்ல ஆகஸ்ட் 3 வரை நேரம்.

நான் எதையும் எடுக்கவில்லை. யாருக்காகவும் இல்லாவிட்டாலும் இங்கே எழுதி வைக்கிறேன். ஒரு ஊசிகூட இல்லை. பிப்ரவரியில் வயிறு சரியில்லாமல் போனது. அவ்வளவுதான்.

பாத்திரம் அடிப்பிடித்துவிட்டது. தேய்த்துத் தேய்த்து விரல் எரிகிறது.

ஜூலை 5, புதன்

துணி நேற்றிலிருந்து மெஷினிலேயே கிடந்து நாற்றம் எடுத்துவிட்டது. மறுபடி போட்டேன்.

ஜூலை 7, வெள்ளி

அணி மேலாளர் கூப்பிட்டார். "உன்மேல் எங்களுக்கு முழு நம்பிக்கை, ஆனால் இந்த மாதப் பந்தயங்களுக்கு உன்னை அனுப்ப முடியாது." நம்பிக்கை இருந்தால் எதற்கு 'ஆனால்'? கேட்டேன். "புரிந்துகொள்" என்றார். இந்த நான்கு நாளில் எல்லோரும் என்னிடம் கேட்பது இது ஒன்றைத்தான். புரிந்துகொள்ள வேண்டும். சந்தேகப்படுவது அவர்கள், புரிந்துகொள்ள வேண்டியது நான்.

மத்தியானம் மாமாவிடம், என் புருஷனிடம், பேசினேன். அவருக்குச் சோமனூரில் தறி. கல்யாணத்துக்கு முன்பே என்னைத் தேசியப் போட்டிக்கு அவர் அண்ணன் வேனில் வண்டியோடு ஏற்றிக்கொண்டு ஹைதராபாத் போனவர். நான் ஸ்பெயினில் இந்த அணியில் சேர்ந்தபோது சொந்தக்காரர்கள் எல்லோரும் அவரைக் கேலி செய்தார்கள். "பொண்டாட்டிய ஏற்றுமதி பண்ணிட்டான்" என்று. சிரித்துக்கொண்டே நின்றார்.

கடிதத்தைப் பற்றிச் சொன்னேன்.

"மிசினு ஏதாச்சும் தப்பா காட்டியிருக்கும் புள்ள. நீ ஒண்ணும் நெனைக்காத. வக்கீல் வெச்சுக்கோ."

"சரிங் மாமா."

"பிப்ரவரில வயிறு செரியில்லன்னு சொன்னியே, அதையச் சொல்லு அவங்களுக்கு."

"சொல்றனுங்."

ஜூலை 10, திங்கள்

வக்கீல் பெயர் பிலார். ஐம்பது வயது இருக்கும். சைக்கிள் வழக்குகள் மட்டுமே பார்க்கிறாள். என்னை உட்காரவைத்து, "முதலில் உண்மை. அப்புறம்தான் மற்றது. எடுத்தாயா?" என்றாள்.

"இல்லை."

"அப்படியானால் மார்ச் மாதம் உன் இரத்தம் எங்கே போனது?"

வயிற்றுப்போக்கு என்றேன். பிப்ரவரி கடைசியில் நான்கு நாள் என்றேன். குறித்துக்கொண்டாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கோபம் கோபமாக வந்தது. என் இரத்தம் எங்கே போனது என்று ஏதோ சில்லறை தொலைந்ததுபோல் கேட்கிறாள்.

ஜூலை 13, வியாழன்

வெளியே கசிந்துவிட்டது. யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. ஒரு விளையாட்டு இணையதளம் முதலில் போட்டது, மத்தியானத்துக்குள் ஊர்ச் சேனல் வரைக்கும் போய்விட்டது. "கோவை வீராங்கனை இரத்த ஊழலில்?" கேள்விக்குறி ஒன்று போட்டுவிட்டால் என்ன வேண்டுமானாலும் எழுதலாம் போல. கீழே ஒருவர் என் மே மாதப் பந்தயத்தின் வேகத்தையும் எடையையும் வைத்துக் கணக்குப் போட்டு, ஒரு கிலோவுக்கு இத்தனை வாட் சக்தி ஒரு 'இந்தியப் பெண்ணுக்கு' வராது என்று எழுதியிருக்கிறார். முந்நூறு பேர் விரும்பியிருக்கிறார்கள். அந்த மலையில் என் வாயிலிருந்து எச்சில் நூல்போல் தொங்கியதை அவர் பார்க்கவில்லை. கடைசி இரண்டு கிலோமீட்டர் எனக்குக் காதே கேட்கவில்லை. அது எந்தக் கணக்கில் வரும்?

மாமா கூப்பிட்டார். கொஞ்ச நேரம் வேறு என்னென்னவோ பேசினார். அப்புறம்,

"ஒரே ஒருவாட்டி கேக்கறேன், கோவிச்சுக்காத. ஏதாச்சும் போட்டியா?"

"நீங்களுமா?"

"நாங் கேக்காம வேற யாரு கேக்கறது? தெரியாமக்கூட யாராச்சும் குடுத்திருக்கலாமல்லொ. டாக்டரு, கீக்டரு..."

"இல்லீங்."

"அப்பறம் எப்பிடி ரத்தம் கொறையும்? இங்க படிச்சவிய எல்லாரும் கேக்கறாங்க புள்ள. நாம் பதில் சொல்லோணுமல்லொ."

போனை வைத்துவிட்டேன். படித்தவர்களாம். ஒருவனாவது ஏழு மணி நேரம் சீட்டில் உட்கார்ந்திருக்கிறானா?

ஜூலை 14, வெள்ளி

வீட்டுக்குள்ளேயே சைக்கிளை ரோலரில் ஏற்றி மூன்று மணி நேரம் மிதித்தேன், ஜன்னலைச் சாத்திக்கொண்டு. வெளியே போகப் பிடிக்கவில்லை.

ஜூலை 18, செவ்வாய்

லோட்டே பந்தயம் முடிந்து வந்துவிட்டாள். என் அறைத்தோழி, நெதர்லாந்துக்காரி. முழங்கை முழுக்கச் சிராய்ப்பு. மருந்து போட்டுவிட்டேன். கட்டை இறுக்கிக் கட்டியதில் கத்தினாள்.

"தாரா, அவர்களிடம் மருத்துவமனையைப் பற்றிச் சொன்னாயா?"

"எந்த மருத்துவமனை?"

"நான்தான் காரில் கூட்டிப்போனேன். பிப்ரவரி இருபது. பின் சீட்டில் துண்டு விரித்தேன். மறந்துவிட்டாயா?"

"வயிறு சரியில்லை. அதைச் சொல்லியாகிவிட்டது."

அவள் என்னையே பார்த்தாள். "அந்த வார்டின் பெயர் கதவில் பெரிதாக எழுதியிருந்தது. எனக்கு ஸ்பானிஷ் படிக்கத் தெரியும்."

கத்தரிக்கோலை மேசைமேல் எறிந்தேன். அது வழுக்கிப் போய்க் கீழே விழுந்தது. ஐந்து மாதமாக அவளுக்குத் தெரியும். ஐந்து மாதமாக என்னோடு ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறாள். உன் வேலையைப் பார் என்றேன். அவள் அழுதாள். அவள் எதற்கு அழ வேண்டும்?

எந்த வார்டு என்று நான் எழுதப்போவதில்லை.

ஜூலை 21, வெள்ளி

பிலார் கூப்பிட்டாள்.

"ஒரு உடலியல் பேராசிரியரிடம் உன் எண்களைக் காட்டினேன். வயிற்றுப்போக்கு என்றால் உடம்பில் நீர் வற்றும். இரத்தம் கெட்டியாகும். ஹீமோகுளோபின் எண் ஏறும். உனக்கு இறங்கியிருக்கிறது. அதோடு எலும்பு மஜ்ஜை அவசர அவசரமாகப் புது அணுக்களைத் தயாரித்திருக்கிறது. நிஜமாகவே இரத்தம் வெளியே போனால்தான் அது அப்படிச் செய்யும்."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"நீ பொய் சொல்கிறாய் என்று நான் சொல்லவில்லை. உன் உடம்பு சொல்கிறது. இந்த விளக்கத்தை அனுப்பினால் நான்கு வருடத் தடை. உனக்கு இருபத்தேழு வயது. யோசி."

என் உடம்பு. பத்து வருடமாகச் சோறு, தூக்கம், தண்ணீர் எல்லாம் அளந்து அளந்து கொடுத்து வளர்த்த உடம்பு. அதுவே போய்ச் சாட்சி சொல்கிறது.

கடிதத்தில் ஒரு வரியை முதல் நாள் நான் இங்கே எழுதாமல் விட்டேன். நிபுணர் 2 எழுதியது. "கணிசமான இரத்த இழப்பு ஏற்பட்டிருந்தாலும் இத்தகைய எண்கள் வரக்கூடும், ஆனால் கடந்த மூன்று மாதத்தில் இரத்த இழப்பு உண்டா என்ற கேள்விக்கு வீராங்கனை இல்லை என்று பதிலளித்திருக்கிறார்."

ஆமாம். பதிலளித்தேன். மார்ச் 3 காலை ஆறரை மணிக்கு, ஒரு ஆண், ஒரு பெண், இருவரும் எனக்கு முன்பின் தெரியாதவர்கள், என் சமையலறையில் உட்கார்ந்துகொண்டு பெட்டியைத் திறந்து, ஊசியைப் பிரித்து, அந்த ஆள் பேனாவோடு கேட்டான். மழைக்கு ஒதுங்கியவன் மணி கேட்பதுபோல் கேட்டான். இல்லை என்றேன். வேறு என்ன சொல்வேன்?

ஜூலை 24, திங்கள்

அரிசி தீர்ந்துவிட்டது. பால் வாங்க வேண்டும். லோட்டேயோடு இன்னும் பேசவில்லை.

ஜூலை 26, புதன்

சரி, எழுதுகிறேன்.

டிசம்பரில் ஊரில் இருந்தேன். ஜனவரி 25, இங்கே குளியலறையில் பரிசோதனைக் குச்சியில் இரண்டு கோடு பார்த்தேன். சந்தோஷமா என்றால் தெரியவில்லை. முதலில் நாட்களை எண்ணினேன். பிப்ரவரி பதினைந்திலிருந்து நான்கு நாள் பந்தயம். அதில் நன்றாக ஓட்டினால் ஒப்பந்தத்தை நீட்டிப்பதாக மேலாளர் சொல்லியிருந்தார். அது முடிந்ததும் மாமாவிடம் சொல்லலாம் என்று முடிவு செய்தேன். டிசம்பரில் அவர், "இந்த சீசனோட போதும், வந்துரு, வூட்ல எல்லாரும் கேக்கறாங்க" என்று சொல்லியிருந்தார். கோபமாகச் சொல்லவில்லை, சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். நான் சொல்லியிருந்தால் அடுத்த விமானத்தில் ஊருக்கு வரச் சொல்லியிருப்பார். அதனால் சொல்லவில்லை. அணி மருத்துவரிடமும் சொல்லவில்லை.

நான்கு நாளும் ஓட்டினேன். விழவில்லை. யாரும் இடிக்கவில்லை. மூச்சு மட்டும் சீக்கிரம் வாங்கியது.

வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் காலை, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது ஆரம்பித்தது. பத்து வாரக் கரு. மருத்துவமனையில் இரண்டு நாள். இரத்தம் நிற்கவே இல்லை, கடைசியில் சுத்தம் செய்தார்கள். அந்தப் பெண் மருத்துவர் என் சைக்கிள் சட்டையைப் பார்த்துவிட்டு, நான் கேட்காமலே சொன்னார்: "கரு சரியாக உருவாகவில்லை. நீங்கள் படுக்கையிலேயே இருந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். சைக்கிளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை." அதைக் காகிதத்திலும் எழுதிக் கொடுத்தார்.

இரும்பு மாத்திரை வாங்கிச் சாப்பிட்டேன். அதுதான் நான் எடுத்த மருந்து. ஒன்பதாம் நாள் வண்டியில் ஏறினேன்.

மாமாவிடம் வயிறு சரியில்லை என்றேன். ஏன் என்று இங்கேயாவது எழுதுகிறேன். அவர் முதலில் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு அவரோடு எப்படி இருப்பது என்று தெரியவில்லை.

இப்போது இரண்டு குற்றச்சாட்டு. ஒன்றிலிருந்து தப்ப வேண்டுமென்றால் இன்னொன்றுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும்.

லோட்டேயிடம் மன்னிப்புக் கேட்டேன். முட்டை தோசை சுட்டுக் கொடுத்தேன்.

ஜூலை 30, ஞாயிறு

பிலாரிடம் காகிதத்தைக் கொடுத்துவிட்டேன். படித்துவிட்டு, "இதை முதல் நாளே கொடுத்திருக்கலாம்" என்றாள். ரகசியமாகத்தான் பார்ப்பார்கள், தீர்ப்பில் 'மருத்துவக் காரணம்' என்று மட்டுமே வரும் என்றாள். மருத்துவக் காரணம் என்றால் ஊரில் தோண்டாமல் விடுவார்களா? வேறு யாரும் சொல்லி மாமாவுக்குத் தெரியக்கூடாது.

பன்னிரண்டரைக்கு வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம் நாலு. அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார், முகத்தில் வெயில்.

சொன்னேன். தேதி, வாரம், மருத்துவமனை எல்லாம். திக்காமல் சொன்னேன், ஒத்திகை பார்த்ததுபோல.

அவர் போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

"அப்ப நீ தெரிஞ்சேதான் வண்டி ஓட்டுனியா?"

நான் பயந்த அதே கேள்வி. ஒரு எழுத்து மாறவில்லை.

"ஆமாங்."

"நாலு நாளு?"

"ஆமாங். டாக்டரு, அதுக்கும் இதுக்கும் சம்மந்தமில்லைன்னு..."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லோணும்னு தோணுலியா உனக்கு?"

அது நியாயமான கேள்வி, அதனாலேயே எனக்கு இன்னும் எரிந்தது. அவர் வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 2, புதன்

அனுப்பியாயிற்று. பிலார் அனுப்பிய நேரம் காலை 11:06.

ஆகஸ்ட் 9, புதன்

மாமா கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

நூற்றிருபது கிலோமீட்டர். எதிர்க்காற்று. காற்றைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன், வாய்விட்டு, தமிழில். ஒரு முயல்கூட ஓடிவிட்டது.

ஆகஸ்ட் 17, வியாழன்

கூப்பிடவில்லை.

ஆகஸ்ட் 24, வியாழன்

முடிந்தது. "வீராங்கனை அளித்த மருத்துவ விளக்கம் இரத்த எண்களோடு முழுமையாகப் பொருந்துகிறது. நடவடிக்கை இல்லை." படிவத்தில் தவறான தகவல் தந்ததற்கு எழுத்துமூல எச்சரிக்கை. நிபுணர் 1, 2, 3. மூவரும் கையெழுத்து. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை, சட்டப்படி அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. இதுதான் இன்னும் கோபத்தைக் கிளப்புகிறது. கத்துவதற்கு ஓர் ஆளாவது இருந்திருக்கலாம்.

மேலாளர் உடனே கூப்பிட்டார். "எனக்கு எப்போதுமே தெரியும்! மூன்றாம் தேதி பந்தயத்துக்கு வருகிறாய் அல்லவா?"

அந்த இணையதளம் நான்கு வரி போட்டிருக்கிறது. தலைப்பு: "தப்பித்தார்."

ஆகஸ்ட் 27, ஞாயிறு

நான்கு வாரம் கழித்து மாமா கூப்பிட்டார். செய்தியைப் பார்த்தாராம்.

"அவிய உட்டுட்டாங்களா?"

"ஆமாங்."

"அந்த டாக்டரு எழுதிக் குடுத்த காயிதம்... அதைய எனக்கும் கொஞ்சம் அனுப்பி வையி."

"எதுக்கு?"

"பாக்கறக்குத்தான்."

"எதையப் பாக்கறக்கு?"

"சும்மாத்தான்..." என்று இழுத்தார்.

"மாமா, அவங்க என்னையத் தெரியாதவங்க. என்ற மொகம்கூடத் தெரியாது. அதனால காயிதம் கேட்டாங்க. உங்களுக்கு எதுக்குக் காயிதம்?"

"நாங் கேக்கறது தப்பா?"

"நான் அனுப்ப மாட்டேன்."

அனுப்பவில்லை. அனுப்பவும் மாட்டேன். ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டித்தான் நான் என் புருஷனுக்குப் பெண்டாட்டியாக இருக்க வேண்டுமென்றால் அது தேவையில்லை.

செப்டம்பர் 3, ஞாயிறு

பந்தயம். நூற்று நாற்பது கிலோமீட்டர், மூன்று மலை. என் வேலை, கடைசி மலை வரைக்கும் லோட்டேக்கு முன்னால் ஓட்டி, அவளைக் காற்றுப்படாமல் இழுத்துப் போவது.

இரண்டாவது மலையில் ஒருவன், ஐஸ்கிரீம் தின்றுகொண்டு ஓரமாக நின்றவன், என்னைப் பார்த்ததும் முழங்கையை மடக்கி ஊசி போடுவதுபோல் காட்டிச் சிரித்தான். பக்கத்தில் அவன் பெண்டாட்டியும் சிரித்தாள். இறங்கி அறையலாமா என்று ஒரு நொடி நிஜமாகவே பிரேக்கில் விரல் வைத்தேன். பின்னால் லோட்டே, "ஓட்டு, தாரா, ஓட்டு!" என்று கத்தினாள்.

ஓட்டினேன். அடுத்த பதினோரு கிலோமீட்டர் முன்னால் நான் மட்டும்தான். பின்னால் திரும்பிப் பார்த்தபோது கூட்டம் அறுபதிலிருந்து பதினான்கு பேராகிவிட்டது. லோட்டே இரண்டாவதாக வந்தாள். நான் முப்பத்தெட்டாவது. முடித்ததும் இரத்தம் எடுக்கக் கூப்பிட்டார்கள். கையை நீட்டினேன்.

செப்டம்பர் 5, செவ்வாய்

மத்தியானம் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தேன். மாமா.

"நேத்து டவுனுக்குப் போனேன். பொம்பள டாக்டர்கிட்ட."

"யாரக் கூட்டிட்டு?"

"நாந் தனியாத்தான். ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தேன், அத்தன பொம்பளைகளுக்கு நடுவால. உள்ள போனா, பேசண்டு எங்கன்னு கேட்டாங்க. ஸ்பெயின்லன்னேன்." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "எல்லாத்தையுஞ் சொன்னேன். சைக்கிள் ஓட்டறதுனால போகாதுன்னு சொன்னாங்க. பாதிக்கு மேல அப்பிடித்தானாம், உருவாகறப்பவே செரியா ஆகறதில்லையாம்."

"இதையத்தான் நான் அன்னைக்கே சொன்னேன்."

"சொன்னே. நாந்தான் காதுல வாங்குல."

நான் அடுப்பைக் குறைத்தேன். அவர் நம்பிவிட்டார். என்னை அல்ல, டாக்டரை. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"ரொம்ப வலிச்சுதா புள்ள?" என்றார்.

அவ்வளவுதான். எனக்குள் என்ன அறுந்ததோ தெரியவில்லை. கத்த ஆரம்பித்தேன். இப்பத்தான் இதைக் கேக்கத் தோணுச்சா? ஏழு மாசங் கழிச்சு? எண்ணு எவ்வளவு, தேதி என்ன, வண்டி ஓட்டுனியா, காயிதம் எங்கே, எல்லாத்தையுங் கேட்டீங்களே எல்லாருஞ் சேந்து! பின் சீட்டில் துண்டைக் கடித்துக்கொண்டு போனதைச் சொன்னேன். புரியாத பாஷையில் எதிலெல்லாமோ கையெழுத்துப் போட்டதைச் சொன்னேன். வெளியே வந்த அன்று சாயங்காலம் அவர் கூப்பிட்டு, "செரியா சாப்பிட்டியா" என்று கேட்டதையும், தயிர் சாதம் என்று நான் பொய் சொன்னதையும் சொன்னேன். சொல்லாமல் மறைத்தது நான்தான், அதற்கும் சேர்த்து அவரையே திட்டினேன். லோட்டே கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சாத்திக்கொண்டாள்.

அவர் குறுக்கே பேசவில்லை. ஒரு முறை மட்டும், தறியை நிறுத்தச் சொல்லி அங்கே யாரையோ அதட்டினார். காது கேட்கவில்லை என்று சொல்லி மறுபடி போனுக்கு வந்தார்.

நாற்பது நிமிடம். பருப்பு குழைந்தே போய்விட்டது. கடைசியில் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, அவரிடமிருந்து மூக்குறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது.

நாளைக்கும் இதே நேரத்துக்குக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். இன்னும் பாதிகூடத் திட்டி முடிக்கவில்லை.